பெட்டிக்கடையா, கடைத்தெருவா, ஏல மையமா?

கட்டைகளால் உலகைக் கட்டி விளையாடும் மைன்கிராப்ட் என்ற கணினி ஆட்டத்தில், பலர் சேர்ந்து விளையாடும் ஒரு சர்வருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு, வீடு கட்டுவதற்கு 200 கண்ணாடிக் கட்டைகள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மணலை அள்ளிவந்து உலையில் உருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆனால் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. நிர்வாகியே நடத்தும் கடை இருந்தால், ஒரு கட்டளையைத் தட்டி ஒரே நொடியில் வாங்கிவிடுவார். ஏல மையம் இருந்தால், பட்டியலைத் திறந்து, அடியில் உள்ள விலையை அழுத்தி, விற்றவர் யார் என்றுகூடப் பார்க்காமல் மூடிவிடுவார். வாடகைக்கு விடப்பட்ட கடைகள் வரிசையாக நிற்கும் கடைத்தெரு இருந்தால், அங்கே சென்று நான்கு கடை ஏறி இறங்குவார். ஆட்டக்காரர்கள் தத்தம் நிலத்தில் வைத்திருக்கும் கடைகள் மட்டுமே உண்டு என்றால், கண்ணாடி யாரிடம் கிடைக்கும் என்று அரட்டையில் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு காட்டைத் தாண்டி நடந்துபோவார். சர்வர் நடத்துபவர் முன்னால் இருக்கும் நான்கு வழிகளும் இந்த ஒரே கொள்முதலில் தெரிந்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரை அந்த நால்வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியது. என் மனத்தில் இருப்பது முப்பது நாற்பது பேர் வாடிக்கையாக வந்துபோகும், எந்த நேரத்திலும் பத்துப் பேருக்குமேல் உள்ளே இருக்காத சிறிய சர்வர். லட்சக்கணக்கானோர் விளையாடும் பெரிய ஆட்டங்களின் அனுபவம் இங்கே சான்றாகப் பயன்படும். ஆனால் அவற்றுக்குச் சரிப்பட்டது நமக்கும் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அது ஏன் என்பதும் போகப்போகத் தெரியும்.

முதலில், ஆட்டக்காரர்கள் தங்கள் நிலத்திலேயே வைக்கும் கடை. ஒரு பெட்டி, அதன்மேல் ஓர் அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் 'செஸ்ட் ஷாப்' என்ற பெயரை யாரும் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. நம்மிடம் பெட்டிக்கடை என்ற சொல் காலம்காலமாகத் தயாராக இருக்கிறது, அதுவும் அச்சாகப் பொருந்துகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் பிளகினில், அதாவது சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரலில், பலகையின் நான்கு வரிகளும் நான்கு வேலை செய்கின்றன. முதல் வரியை வெறுமையாக விட்டால் கடைக்காரரின் பெயர் தானாக விழும். இரண்டாம் வரியில் ஒரு தடவைக்கு எத்தனை உருப்படி என்று எழுத வேண்டும். மூன்றாம் வரியில் 'பி 10 : 5 எஸ்' என்பதுபோல இரண்டு விலைகள் வரும்: வாடிக்கையாளர் வாங்கினால் 10 காசு, வாடிக்கையாளர் தம் சரக்கைக் கடைக்கு விற்றால் 5 காசு. நான்காம் வரி பொருளின் பெயர். கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் கடை திறந்திருக்கும்; ஏமாற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் பெட்டியில் சரக்கு இருந்தால்தான் விற்பனை நடக்கும், கணக்கில் காசு இருந்தால்தான் கொள்முதல் நடக்கும்.

மூன்றாம் வரியில்தான் வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. புதிதாகக் கடை போடுபவர்கள் பெரும்பாலும் விற்பனை விலையை மட்டும் யோசிக்கிறார்கள். கொள்முதல் விலையை ஏதோ ஓர் எண்ணாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரட்டைப் பெட்டியில் 54 அறைகள் உண்டு, ஓர் அறையில் 64 கட்டைகள் அடங்கும், ஆக மொத்தம் 3,456. ஒரு கட்டைக்கு 5 காசு தருவதாகப் பலகையில் எழுதி, பெட்டியைக் காலியாக விட்டுப் போனால், பொருள்களைத் தானாகவே விளைவித்துத் தரும் பண்ணை ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் யாரோ ஒருவர் இரவில் வந்து 3,456 கட்டைகளையும் கொட்டி 17,280 காசை எடுத்துக்கொண்டு போவார். காலையில் கடைக்காரர் வந்து பார்த்தால் பெட்டி நிரம்பியிருக்கும், கல்லா காலியாக இருக்கும். அவர் மேல் யாரும் அநியாயம் செய்யவில்லை. எழுதிவைத்த விலைக்கு எழுதிவைத்த சரக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழகிய கடைக்காரர்கள் இதற்கு ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள்: பெயர் மாற்றிய குச்சிகளை அறைக்கு ஒன்றாகப் போட்டு 50 அறைகளை அடைத்துவிட்டு, நான்கை மட்டும் திறந்து வைக்கிறார்கள். அப்போது எவ்வளவு பெரிய பண்ணைக்காரர் வந்தாலும் 256 கட்டைக்குமேல் விற்க முடியாது. கையிருப்பை அளந்து கொள்முதல் செய்யும் இந்தப் பழக்கத்தை எந்த வழிகாட்டிப் பக்கமும் கற்றுத்தருவதில்லை. ஒருமுறை கல்லா காலியானால்தான் வருகிறது.

பெட்டிக்கடையின் பலம் இதுதான்: கடை நடத்துவதே ஒரு விளையாட்டாகிவிடுகிறது. இடம் பார்த்தல், விலை வைத்தல், சரக்கு நிரப்புதல், பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப்பார்த்தல் எல்லாமே ஆட்டத்தின் பகுதி. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனில் ஆட்டக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் விற்பனையாள் ஒருவரை நிறுத்தி, அவருக்கு நாள்கூலி கொடுத்து வியாபாரம் செய்தார்கள். கூலி கொடுக்க முடியாத கடை தானாகவே மூடிக்கொண்டது. 2003 முதல் 2011 வரை இயங்கிய ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனது. அங்கே கிடைக்கும் கனிமங்களின் தரம் வேறுபட்டுக்கொண்டே இருந்தது. நல்ல தரமான கனிமம் சில நாள்களே கிடைத்துப் பிறகு மறைந்துவிடும். ஆகவே ஒருவர் செய்த துப்பாக்கியும் மற்றொருவர் செய்ததும் ஒன்றாக இருக்கவில்லை. பொருள்களும் தேய்ந்தன, எனவே வாங்கியவர் திரும்பவும் வந்தார். கடைக்காரரின் பெயருக்கு மதிப்பு வருவதற்கு இந்த இரண்டும் தேவை: சரக்கில் வேறுபாடு, திரும்ப வாங்கவேண்டிய கட்டாயம். மைன்கிராப்டில் ஒருவர் விற்கும் கண்ணாடிக்கும் இன்னொருவர் விற்கும் கண்ணாடிக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரரால் வேறுபடுத்திக் காட்ட முடிந்தவை விலை, இடம், எப்போதும் சரக்கு இருக்கும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்று மட்டுமே.

பலவீனமும் வெளிப்படையானது. கடைகள் சிதறிக் கிடக்கின்றன, எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. புதியவர் கண்ணாடிக்காக நடந்துபோய்ச் சேர்ந்தால், பெட்டி காலியாக இருக்கும், கடைக்காரர் மூன்று வாரமாக வரவில்லை என்று தெரியவரும். இப்படி இரண்டு முறை நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் கடைப்பக்கமே போகமாட்டார். வாங்க ஆள் வராததால் கடைக்காரர் ஈ ஓட்டுவார். ஈ ஓட்டுகிற கடையில் சரக்கு நிரப்ப அவருக்கு மனம் வராது. சிறிய சர்வர்களில் பெட்டிக்கடைகள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது வழியான நிர்வாகக் கடை, இந்தச் சிக்கலுக்கு முதலில் தோன்றும் தீர்வு. நிர்வாகி ஒரு விலைப்பட்டியல் போடுகிறார், எல்லாம் எப்போதும் கிடைக்கிறது, எதையும் எப்போதும் விற்கலாம். முதல் வாரம் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கே போதும். மணிக்கு 300 இரும்புக் கட்டி தரும் ஒரு பண்ணையை ஒருவர் கட்டிவிட்டார், நிர்வாகக் கடை ஒரு கட்டிக்கு 5 காசு தருகிறது என்று கொள்வோம். பண்ணையின் அருகே கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு அவர் தூங்கப் போனாலும் மணிக்கு 1,500 காசு, ஒரு நாளைக்கு 36,000 காசு. இந்தக் காசு வேறு எந்த ஆட்டக்காரரின் பையிலிருந்தும் வரவில்லை, வெறுங்காற்றிலிருந்து அச்சடிக்கப்படுகிறது. சுரங்கம் தோண்டி ஒரு நாளைக்கு 2,000 காசு சம்பாதிக்கும் இன்னொருவர் அதே சந்தையில் அதே பொருளுக்கு இவரோடு போட்டியிட வேண்டும்.

விலைப்பட்டியலில் ஓட்டை விழுந்தால் பண்ணைகூட வேண்டியதில்லை. ஒன்பது இரும்புக் கட்டிகளைச் சேர்த்தால் ஓர் இரும்புப் பாளம். கடை ஒரு கட்டியை 5 காசுக்கு விற்று, ஒரு பாளத்தை 50 காசுக்கு வாங்குமானால், 45 காசுக்குக் கட்டி வாங்கி, பாளமாக்கி, 50 காசுக்கு அதே கடையில் விற்கலாம். பாளத்துக்கு 5 காசு லாபம், எத்தனை முறை வேண்டுமானாலும். நூற்றுக்கணக்கான பொருள்களும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் வழிகளும் இருக்கும் ஓர் ஆட்டத்தில், இப்படி ஒரு சுழற்சிகூட இல்லாத விலைப்பட்டியலை ஒருவர் கையால் எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படியே எழுதினாலும் அடுத்த பதிப்பில் புதிய பொருள்கள் வந்து அதைக் கலைத்துவிடும். இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு: நிர்வாகக் கடையின் விலையே எல்லோருக்கும் தரையும் கூரையுமாகிவிடுவதால், ஆட்டக்காரர் கடைகளுக்கு அந்த இடைவெளிக்குள் நிற்க இடமே இருப்பதில்லை. நிர்வாகக் கடையை முழுவதுமாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; ஆனால் அது விற்கட்டும், வாங்க வேண்டாம். விற்பதும், ஆட்டக்காரர்களால் உருவாக்க முடியாத சில அலங்காரப் பொருள்களோடு நிற்கட்டும். அப்போது அது காசை உள்ளே கொட்டும் மடையாக இல்லாமல், வெளியேற்றும் வடிகாலாக வேலை செய்யும்.

மூன்றாவதான ஏல மையத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் கடைசியில் போய்ச் சேருமிடம் அதுதான், அவர்கள் அப்படிப் போவதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. ஏல மையம் இல்லாத ஆட்டங்களில் என்ன நடந்தது என்று பார்த்தாலே அது புரியும். எவர்குவெஸ்ட் ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியின் சுரங்கப்பாதையில் கூடி, விற்கவேண்டியதையும் வாங்கவேண்டியதையும் மணிக்கணக்கில் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைச் சந்தையாக யாரும் அறிவிக்கவில்லை. தேவை அப்படி ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டது. 2001 இறுதியில் வந்த விரிவாக்கம் அதற்கென்றே ஒரு சந்தைக்கூடம் கட்டிக்கொடுத்தபோதும், விற்பவர் கணினியை அணைக்காமல் உள்ளேயே நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. ரூன்ஸ்கேப் 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மைய அங்காடியைத் திறந்தது. பிறகு 2013இல், பழைய ஆட்டமே வேண்டும் என்று விரும்பியவர்களுக்காக 2007 ஆகஸ்டு நிலவரத்தை வைத்து ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் தொடங்கப்பட்டது. அதில் மைய அங்காடி இல்லை. பழமையை விரும்பி வந்த அதே கூட்டம், விலை பார்க்க வெளித்தளங்களை நாடியது. 2015இல் வாக்கெடுப்பு நடத்தி மைய அங்காடியைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஆட்டத்தில் எந்த மாற்றத்துக்கும் 75% ஆதரவு தேவைப்பட்ட காலம் அது. கடைத்தெருவின் கவர்ச்சியைப் பற்றி என்னைப் போல எழுதுகிறவர்கள் இந்த எண்ணை மறந்துவிடக் கூடாது. அலைந்து திரிந்து வாங்குவது எல்லோருக்கும் இன்பமாக இருப்பதில்லை.

ஆனால் அதே ஏல மையம் ஆட்டத்தையே விழுங்கிய கதையும் உண்டு. 2012 மே மாதம் வெளிவந்த டயாப்லோ 3, தங்கத்துக்கு ஓர் ஏல மையமும் உண்மைப் பணத்துக்கு இன்னோர் ஏல மையமும் கொண்டிருந்தது. அசுரர்களைக் கொன்று ஆயுதம் தேடுவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர்நாடி. ஆனால் கொன்று கிடைப்பதைவிடச் சிறந்த ஆயுதம் ஏல மையத்தில் மலிவாகக் கிடைத்தபோது, தேடுவதில் அர்த்தமில்லாமல் போயிற்று. ஆட்டத்தின் அடிப்படையையே அது குலைக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று இரண்டையும் மூடிவிட்டது. பெருங்கூட்டத்தின் மிகச்சிறந்த பொருள்கள் எல்லாம் ஒரே பட்டியலில் குவியும்போது, தனியொருவர் தம் முயற்சியால் பெறுவது அற்பமாகத் தெரியும். இது மைய அங்காடியின் இயல்பிலேயே உள்ள கோளாறு.

விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரே பொருளை இருபது பேர் ஒரே பட்டியலில் விற்கும்போது, எல்லோருக்கும் அடியில் நிற்பவருக்கு மட்டுமே போணியாகும். ஆகவே ஒருவர் 100 என்று போட்டால் அடுத்தவர் 99.99 என்று போடுவார், மூன்றாமவர் 99.98 என்று. விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனில் இந்தச் சில்லறைச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2020இல், விலையில் முதல் நான்கு இலக்கங்களுக்குமேல் மாற்ற முடியாது என்று விதி கொண்டுவந்தார்கள். அதாவது, முந்த வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு விலையைக் குறைத்தாக வேண்டும். நல்ல விதிதான், ஆனால் இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே, அந்தப் பட்டியலில் கடைக்காரர் என்ற மனிதர் மறைந்து விலை என்ற எண் மட்டும் மிஞ்சியதைக் காட்டுகிறது.

சிறிய சர்வரில் ஏல மையத்துக்கு வேறொரு கேடு காத்திருக்கிறது, அதைப் பெரிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. மைய அங்காடி நன்றாக ஓடுவதற்கு ஒவ்வொரு பொருளிலும் விற்பவரும் வாங்குபவரும் கணிசமாக இருக்க வேண்டும். வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட் 2022இல் மூலப்பொருள் சந்தையைத் தனித்தனிச் சர்வர்களிலிருந்து எடுத்து முழு மண்டலத்துக்கும் பொதுவாக்கியது. அத்தனை பெரிய ஆட்டத்திலேயே ஆள் குறைந்த சர்வர்களின் சந்தை வறண்டு கிடந்தது என்பது அதற்குப் பின்னால் இருந்த உண்மை. பத்துப் பேர் மட்டும் உள்ளே இருக்கும் சர்வரில் ஏல மையத்தைத் திறந்தால் அரைப் பக்கப் பட்டியல்தான் கண்ணில் படும். அந்தக் காலிப் பட்டியலைப் பார்ப்பவருக்கு இந்தச் சர்வரே செத்துவிட்டது என்று தோன்றும். அதே பத்துப் பேரின் சரக்கு ஒரு தெருவில் எட்டுக் கடைகளாக நின்றால், கூரையும் விளக்கும் பெயர்ப்பலகையுமாக, ஓர் ஊர் இருப்பதாகத் தோன்றும். சரக்கின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னதைக் கூர்ந்து பார்த்தால், ஏல மையம் என்ற ஒரே கருவிக்குள் மூன்று வேலைகள் கட்டுண்டு கிடப்பது தெரியும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. விலைகளை ஒப்பிட வைப்பது இன்னொன்று. வாங்கியதை நின்ற இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பது மூன்றாவது. ஆட்டக்காரர்கள் உண்மையில் ஏங்குவது முதல் வேலைக்காக, ஓரளவு இரண்டாவதற்காக. இடத்தின் மதிப்பையும் கடையின் மதிப்பையும் அழிப்பது மூன்றாவது வேலை. இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது புதிய யோசனையும் அல்ல. ஈவ் ஆன்லைனில் ஒரு மண்டலம் முழுவதிலும் உள்ள விலைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம்; ஆனால் சரக்கு விற்றவரின் நிலையத்திலேயே கிடக்கும். போய் எடுத்துவர வேண்டும், வழியில் கொள்ளையர் இருப்பார்கள். அதனால்தான் எல்லோரும் ஒரே இடத்தில் விற்க விரும்பி, யாரும் நியமிக்காமலேயே ஜிட்டா என்ற இடம் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. சரக்கு ஏற்றிச் செல்வதே பலருக்குத் தொழிலாயிற்று. 2019 மே மாதம் ஃபால்அவுட் 76இல் வந்த விற்பனை இயந்திரங்களும் இதே நெறியில் அமைந்தவை: யாருடைய முகாமில் கடை இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரியும், ஆனால் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். அங்கே கடைக்காரர் உள்ளே இருக்கும்போது மட்டுமே கடை திறந்திருக்கும் என்பது நம் சர்வருக்கு ஒத்துவராது. பத்துப் பேர் வெவ்வேறு நேரங்களில் வந்துபோகும் இடத்தில் அந்த விதி வைத்தால் ஒரு கடைகூடத் திறந்திருக்காது.

நான்காவதான வாடகைக் கடைத்தெரு, இந்தப் பிரிப்புக்கு இடம்கொடுக்கிறது. நிர்வாகி ஊரின் நடுவே ஒரு தெரு அமைத்து, அளவான மனைகளாகப் பிரித்து, வாரவாடகைக்கு விடுகிறார். மனைக்குள் ஆட்டக்காரர் தம் விருப்பம்போலக் கட்டிக்கொள்ளலாம். பெட்டிகள் அதே பெட்டிக்கடைப் பிளகினில் இயங்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் இந்த வழியில் மிகத் தொலைவு போயிருக்கிறது. அங்கே பொதுவான ஏல மையம் கிடையாது. குழுக்கள் வாரந்தோறும் ஏலம் கேட்டு விற்பனை இடங்களைப் பிடிக்கின்றன, பிடித்த குழுவின் உறுப்பினர்கள் ஆளுக்கு 30 பொருள்கள்வரை அங்கே வைக்கலாம். மக்கள் நடமாட்டமுள்ள நகரத்தின் இடத்துக்குப் பெருந்தொகை போகிறது, ஒதுக்குப்புறத்து இடம் சிறிய குழுவுக்கும் கிடைக்கிறது. ஏலத்தில் கொட்டும் தங்கம் ஆட்டத்தைவிட்டே வெளியேறிவிடுவதால், பணவீக்கத்துக்கு அது நல்ல வடிகால். ஆனால் ஆட்டத்துக்குள் எல்லாக் கடைகளையும் ஒருசேரத் தேட வழியில்லாததால், ஆட்டக்காரர்கள் தாங்களே விலைத் தகவலைத் திரட்டும் துணைநிரல்களையும் தேடல் தளத்தையும் உருவாக்கிக்கொண்டார்கள். தேடும் வசதியை நாம் கொடுக்காவிட்டால் அது வெளியே முளைக்கும். வெளியே முளைத்ததைப் பற்றித் தெரிந்தவர் கொழிப்பார், தெரியாத புதியவர் இரண்டு மடங்கு விலை கொடுப்பார். ஆகவே அதை நாமே கொடுத்துவிடுவது நல்லது.

கடைத்தெருவின் குறை வாடகையில் இருக்கிறது. வாடகை மிகக் குறைவாக இருந்தால், முதலில் வந்த எட்டுப் பேர் எட்டு மனைகளையும் பிடித்துவைத்துக்கொண்டு காலிப் பெட்டிகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மிக அதிகமாக இருந்தால், புதியவருக்குக் கட்டுப்படியாகாது, பண்ணைக்காரர்களின் தெருவாகிவிடும். எட்டு மனைக்கு ஏலம் விடலாமா என்றால், முப்பது பேர் இருக்குமிடத்தில் இரண்டு பணக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். என் பார்வையில், ஆளுக்கு ஒரு மனை, முதல் இரண்டு வாரம் வாடகையில்லை, அதன்பின் ஒரு சாதாரணக் கடையின் வார வரவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிலையான வாடகை என்பது பொருந்தும். வரவு எவ்வளவு என்பதைப் பிளகினின் விற்பனைப் பதிவேடே சொல்லும். ஊகித்து எழுத வேண்டியதில்லை.

வரியைப் பற்றி ஒரு சொல். பெரிய ஆட்டங்களில் விற்பனைமீது பிடித்தம் வழக்கம்: வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட் ஏல மையம் 5%, ஃபால்அவுட் 76 விற்பனை இயந்திரம் 10%, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் பட்டியலிட 1% உம் விற்றபின் 7% உம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2021 டிசம்பரில் 1% வரி கொண்டுவந்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக்கொண்டு அங்காடியிலேயே பொருள்களை வாங்கி அழித்தது; 2025இல் அந்த வரி 2% ஆயிற்று. கடைத்தெருவில் வாடகையும் வாங்கி வரியும் வாங்கினால் கடைக்காரர்கள் தெருவைவிட்டுத் தங்கள் நிலத்துக்கே போய்விடுவார்கள். ஏதாவது ஒன்று போதும். நான் வாடகையையே விரும்புவேன், ஏனென்றால் வரி ஓடுகிற கடையைத் தண்டிக்கிறது, வாடகை ஓடாத கடையைக் காலிசெய்ய வைக்கிறது.

காசுக்குப் பதில் வைரத்தையே பணமாக வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் எதையாவது விற்றதும் காசைப் போல வெறுங்காற்றிலிருந்து அச்சாகாது என்பது அதன் நன்மை, தேடித் தோண்ட வேண்டும். ஆனால் ஒரு வைரத்துக்குக் கீழே சில்லறை இல்லை. 200 கண்ணாடி கேட்ட புதியவருக்கு ஒரு வைரத்துக்கு 512 கண்ணாடி என்று மொத்த வியாபாரம்தான் செய்ய முடியும். வாடகையையும் கையால்தான் வசூலிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் மட்டும் உள்ள சர்வருக்கு வைரம் போதும், அவர்களுக்குக் கடைத்தெருவும் வேண்டியதில்லை. அதற்குமேல் போனால் காசுக் கணக்கு வைப்பதே நல்லது.

ஆகவே, முப்பது நாற்பது பேர் வரும் சர்வருக்கு நான் தேர்ந்தெடுப்பது வாடகைக் கடைத்தெரு. அதன் வாசலில் தேடல் பலகை ஒன்று: பொருளின் பெயரைத் தட்டினால், எந்தக் கடையில், என்ன விலையில், எத்தனை இருக்கின்றன என்று காட்டும், வாங்கும் பொத்தான் அதில் இருக்காது. தெருவுக்கு வெளியே தம் நிலத்தில் கடை வைக்க விரும்புபவர் வைக்கட்டும், அவருக்கு வாடகையில்லை, ஆனால் பலகையில் அவர் கடை வராது. தொலைவில் இருப்பதை ஈடுகட்ட அவர் விலையைக் குறைப்பார், விவரமறிந்தவர்கள் தேடிப்போவார்கள். இந்த இழுபறியே ஆட்டத்துக்குச் சுவை. நிர்வாகக் கடை விற்க மட்டும். ஒரே நேரத்தில் நூறு பேருக்குமேல் உள்ளே இருக்கும் நிலை வந்தால் மறுபடி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் இரும்பு, மரம், கல் போன்று வேறுபாடே இல்லாத மூலப்பொருள்களை மட்டும் ஏல மையத்துக்கு மாற்றி, மந்திரம் ஏற்றிய கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் தெருவிலேயே விட்டுவைப்பேன்.

இதில் நிர்வாகிக்கு மனச்சங்கடம் தரும் வேலை ஒன்றே ஒன்று, வராமல்போனவரின் கடையைக் காலிசெய்வது. அதற்கான விதியைத் தெரு திறக்கும் நாளிலேயே பலகையில் எழுதிவிட வேண்டும்: இரண்டு வாடகை தொடர்ந்து தவறினால் மனை நிர்வாகியிடம் திரும்பும், சரக்கு உரியவருடையதாகவே இருக்கும். ஓர் இரட்டைப் பெட்டியின் 54 அறைச் சரக்கும் சரக்கோடு அப்படியே எடுத்துச்செல்லக்கூடிய, 27 அறைகள் கொண்ட இரண்டு ஷல்கர் பெட்டிகளில் அடங்கும். அவற்றை உரியவர் பெயரெழுதி ஒரு கிடங்கில் அடுக்கிவைத்தால், ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வரும் நாளில் கடை போயிருக்கும், முதல் போயிருக்காது. அடுத்த காலி மனைக்கு வரிசையில் நின்று, அந்தப் பெட்டிகளைத் திறந்து, மறுபடி பலகையின் இரண்டாம் வரியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.